மூன்றாம் எண் முயலும் மூன்று குருத்தோலையும்

“குருத்தோலை ஞாயிறு. மாலை 4 மணி. மூன்றாவது சாப்பிட்டது!!! ஓலை மூன்று.”

என் பழைய கோடு போட்ட நோட்டில் உள்ள குறிப்பு இது. கிழமை இருக்கிறது, மணி இருக்கிறது, ஆண்டு இல்லை. இன்று மளிகைச் சீட்டில்கூடத் தேதி போடுகிற நான், ஐந்தாம் வகுப்பில் அவ்வளவு அலட்சியமாக இருந்திருக்கிறேன். ஆச்சரியக்குறிகள் மட்டும் குறைவில்லை.

அப்போது சாந்தோமில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மாமா ஆறு வெள்ளை முயல்களை வளர்த்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. செல்போன் கடை வேலை போய் எங்களோடு வந்து தங்கியிருந்தார். ஆறும் ஆண் என்று விற்றவன் சொன்னான். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டு மாமாவும் அதையே சொன்னார். விருந்துச் சமையல் எடுக்கும் அண்ணன் ஒருவர் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஈஸ்டருக்கு முந்தின நாள் ஆறும் ஆளுக்கு இரண்டு கிலோ தொட்டால் கறிக்கு எடுத்துக்கொள்வார். அதன்பின் மாதாமாதம் மாமாவிடமே வாங்குவார். தொடாவிட்டால் மாமா ஓசூரில் ஏதோ கம்பெனிக்குப் போக வேண்டும். இது அம்மாவின் தீர்ப்பு. எனக்கு ஓசூரும் நிலாவும் ஒரே தூரம்.

மூட்டைத் தீவனம் வாங்க வழியில்லை. மாமா கண்டுபிடித்த தீவனம் தவக்காலம். ஈஸ்டருக்கு முந்தின அந்த நாற்பது நோன்பு நாளும் எங்கள் கோவில் பங்கில் பல வீடுகளில் கறி கிடையாது, காய்தான். தோலும் தழையும் குவியும்.

“ஊரே ஒருசந்தி, நம்ம முயலுங்களுக்கு மட்டும் கல்யாண சாப்பாடு!” என்று மாமா கையைத் தட்டுவார்.

தினமும் பள்ளி விட்டதும் நீல வாளியோடு வீடு வீடாக ஏறினேன். “இன்னாடி, உங்க மாமா வூட்டு மாப்பிள்ளைங்களுக்கு இன்னிக்கு இன்னா மெனு?” என்று கேட்டுக்கொண்டே பட்டாணித் தோலையும் கேரட் தழையையும் கொட்டுவார்கள். மயிலாப்பூர் காய்க்கடைகளில் ஒதுக்கிய முள்ளங்கி இலையை மாமா சைக்கிளில் கட்டி வருவார். ஈரத்தோடு போட்டால் வயிறு உப்பிவிடும் என்று எல்லாவற்றையும் நிழலில் வாட்டுவோம். அதற்கு மேல் மாவு மில்லில் கூட்டிய தவிடு ஒரு பிடி. சனிக்கிழமைதோறும் ஒவ்வொரு முயலையும் கூடையில் உட்காரவைத்துத் தராசில் தொங்கவிடுவோம். முள் ஏற ஏற நானும் கால்விரலில் எம்புவேன்.

ஆறாவது சனிக்கிழமை எல்லாவற்றையும் முந்திக்கொண்டு மூன்றாவது இரண்டு கிலோவைத் தொட்டது. மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார். அன்று மாலையே அது தீவனத்தைத் தொடாமல் மூலையில் உட்கார்ந்துவிட்டது. மாமா அதைத் தனியாக ஒரு மீன் பெட்டியில் விட்டார். இளைத்துப்போனால் எல்லாம் போச்சு.

மறுநாள் குருத்தோலை ஞாயிறு, ஈஸ்டருக்கு ஒரே வாரம். கோவிலில் மந்திரித்துக் கொடுத்த ஓலைகள் மூன்று வீட்டில் இருந்தன. அவற்றைத் தூக்கி எறியக் கூடாது. ஒரு வருடம் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்து, அடுத்த தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்காக எரிக்கக் கோவிலிலேயே கொடுக்க வேண்டும். எனக்கு அது தெரியும். ஆனால் ஓலை அவ்வளவு பிஞ்சாக இருந்தது. ஒன்றை நீட்டினேன். மூன்றாவது அதை வாயால் பிடுங்கியது, கிழித்தது, மூலைக்கு ஓடியது, திரும்பவும் வந்தது! மற்ற இரண்டையும் கொடுத்துவிட்டுப் படியில் பறந்து இறங்கி நோட்டில் எழுதினேன்.

இரவு அம்மா ஓலையைத் தேடினாள். ஒப்புக்கொண்டேன். அதுவரை மாடிப் பக்கமே வராதவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஏறினாள். வெகுநேரம் கழித்து இறங்கினாள்.

“மந்திரிச்ச ஓலை துன்ன முயல். அத்த வெட்டக்கூடாது. அவ்ளோதான்.”

“யக்கா! ஆறு தரேன்னு சொல்லிக்கீறேன். ஒண்ணு கொறஞ்சா ஓசூர்தான்.”

“போயேன். நானா புடிச்சி வச்சிக்கீறேன்?”

அந்த வாரம் முழுக்க மீன் பெட்டியின் மேல் கோணி கிடந்தது. எங்கள் இருவரையும் கிட்டவே விடாமல் அம்மாவே தண்ணீர் வைத்தாள். என்னால்தான் மாமா போகப்போகிறார் என்று தினமும் தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன்.

சனிக்கிழமை காலை சமையல் அண்ணன் வந்தார். மற்ற ஐந்தும் இரண்டு கிலோவைத் தாண்டின. ஒவ்வொன்றுக்கும் நான் குதித்தேன். “ஆறாவது எங்க நைனா?” என்றார். மாமா தலையைச் சொறிந்தார்.

“அந்தக் கோணியத் தூக்கிப் பாருப்பா,” என்றாள் அம்மா.

மூன்றாவது தன் மயிரையே பிடுங்கிப் போட்ட வெண்மயிர்ப் படுக்கைக்குள் ஆறு குட்டிகள் நெளிந்தன.

“ஆறும் ஆம்பளைன்னியே, இதுல எது நைனா பெத்துச்சு?” அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாமாவின் காது சிவந்தது. “நான் கேட்டது ஆறு. நீ பன்னெண்டு காட்டற. ஓசூருக்கெல்லாம் போவாத, இதுங்கள தேத்து. ஆனா இனிமே ஆணா பொண்ணான்னு உங்கக்காவ கேட்டுக்க.”

நான் போட்ட கூச்சலில் எதிர் மாடிக் காக்கைகள் எழும்பின.

அன்றைய குறிப்பில் கடைசி வரி: “கூட்டுக்குள் அம்மாவின் ஊதாச் சேலைத் துண்டுகள். கொடியிலிருந்து முயல் திருடியிருக்கிறது.” மூடிய பெட்டியிலிருந்து முயல் எப்படிக் கொடிக்குப் போகும் என்று எனக்குத் தோன்றவில்லை. ‘போயேன்’ என்றவள்தான் அந்தச் சேலையைக் கிழித்து வைத்தாள் என்று புரிய வெகுகாலம் ஆனது.

பிற்பாடு முயல் வளர்ப்பு பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஈனப்போகும் முயல் தீனியைக் குறைக்குமாம். கிடைத்த தழையை வாயில் கவ்விக் கூடு கட்டுமாம். குட்டிகளுக்கு அடியில் ஓலைக் கிழிசல்கள் இருந்தது எனக்கு நினைவிருக்கிறது, மூன்று ஓலையளவு இருந்ததா என்பது நினைவில்லை. அம்மாவைக் கேட்டால், “துன்னுச்சுன்னுதான சொன்னேன்,” என்று சிரிக்கிறாள். எனவே முதல் குறிப்பின் ஓரத்தில் இப்போது பென்சிலால் சேர்த்திருக்கிறேன்: மூன்றாவது அந்த ஓலையில் ஒரு கடியாவது தின்றதா என்பது உறுதியாகவில்லை.