மாமாவின் பாட்டுக்குக் கீழே

என் தாய்மாமன் ஒரு காலத்தில் ஹிப்ஹொப் பாடகராக இருந்தார். மரியாதைக்காக ‘அவர்’ என்று எழுதுகிறேன். மனதுக்குள் வேறு மாதிரித்தான் வருகிறது. அவருடைய ஒரு பாட்டை நான் கேட்ட அளவுக்கு இந்த உலகத்தில் வேறு யாரும் கேட்டிருக்கமாட்டார்கள், பாடின அவர் உட்பட. பிடித்துக் கேட்கவில்லை. என் சாமத்தியவீட்டு வீடியோவில் அந்தப் பாட்டுக்குக் கீழே அம்மா பேசிக்கொண்டிருக்கிறார். வாய் அசைவது தெரியும், குரல் கேட்காது. அம்மாவின் குரல் எங்கேயாவது பதிவாகியிருந்தது என்றால் அது அங்கே மட்டும்தான்.

சமாதான காலம் அது. சண்டை நின்று, பாதை திறந்து, வெளிநாட்டில் இருந்த எங்கள் ஆக்கள் வான் பிடித்து வன்னிக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். 2004இல் எங்கள் வட்டக்கச்சி வீட்டுக்கும் லண்டனிலிருந்து மாமா வந்து இறங்கினார். அவர் வந்த காரணம் நான். பதின்மூன்று வயதில் பெரியபிள்ளையாகி வீட்டுக்குள் இருந்தேன். சாமத்தியச் சடங்கில் முதல் தண்ணீர் தாய்மாமன்தான் வார்க்க வேண்டும். நான் தவழ்கிற வயதிலேயே அப்பா பாம்பு கடித்து இறந்துபோனவர். ஆகவே அம்மாவுக்குத் தம்பிதான் எல்லாம். அவரை இடுப்பில் தூக்கி வளர்த்ததும் அம்மா, வாய்க்கால் கரையில் இருந்த வயல் துண்டை விற்று வெளிநாட்டுக்கு அனுப்பியதும் அம்மா.

மாமா கொண்டுவந்த பெட்டியில் சொக்லேற்றும் சவர்க்காரமும் எனக்கு ஒரு மினுங்கல் சட்டையும் இருந்தன. அடியில் ஒரு கட்டுச் சீடி. மட்டையில் அவருடைய படம்: தொப்பியைப் பின்பக்கமாகப் போட்டுக்கொண்டு, கழுத்தில் ஆட்டுக்குக் கட்டுகிற தடிப்பில் ஒரு சங்கிலி, யாருடையதோ காரில் சாய்ந்து நிற்கிறார். அவரும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஒரு அறைக்குள் இருந்து பதிந்த பாட்டுகளாம். தமிழும் ஆங்கிலமும் கலந்து, மூச்சு விடாமல் கொட்டித் தள்ளுகிற பாட்டு. அம்மாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் வந்த சனத்துக்கெல்லாம் கதிரை போட்டு இருத்தி, “என்ர தம்பி பாடினது. கேளுங்கோ, கேளுங்கோ” என்று சொன்னார்.

எனக்குப் பாதி விளங்கியது. விளங்கிய பாதியே போதும். “என்ர துவக்குப் பேசினால் உன்ர ஊரே ஓடும்” என்று ஒரு வரி. லண்டனில் பெற்றோல் செற்றில் நின்று மிச்சக்காசு எண்ணிக் கொடுக்கிற மனிதருக்கு எங்கேயிருந்து வந்தது துவக்கு? வேறு வரிகள் பெட்டைகளைப் பற்றியவை. சந்தையில் மாடு பார்க்கிற தரகன்கூட மாட்டைப் பற்றி அதைவிட மரியாதையாகக் கதைப்பான். இதெல்லாம் போதாதென்று தாளத்துக்குப் பதிலாகத் துவக்குச் சத்தம். டப் டப் டப் என்று மூன்று வெடி, பிறகு ஒரு சைரன், திரும்ப மூன்று வெடி. நான் அன்றைக்கு வெட்கப்பட்டேன் என்றோ கோபப்பட்டேன் என்றோ சொன்னால் அது பச்சைப் பொய். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. எங்கள் வகுப்பில் வேறு எவளுடைய மாமா சீடி அடித்திருந்தார்?

சடங்கு நாளில் ஜெனரேற்றர் வாடகைக்கு எடுத்து, தென்னையில் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். காலையில் பக்திப் பாட்டு முடிந்ததும் மாமா தானே போய்த் தன்னுடைய சீடியைப் போட்டார். கிணற்றடியில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த பக்கத்துக் காணிப் பெண், மலையகத்தில் கலவரத்தில் வீடு எரிந்து வன்னிக்கு வந்தவர், முதல் மூன்று வெடி கேட்டவுடன் கத்தியைப் போட்டுவிட்டுக் குப்புற விழுந்து தலையைக் கையால் மூடிக்கொண்டார். கத்தரிக்காய்த் துண்டுகள் சேற்றில் உருண்டன. முற்றத்தில் நின்ற எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். நானும் யன்னலால் பார்த்துச் சிரித்தேன். அம்மா மட்டும் ஓடிப்போய் அவரைத் தூக்கி நிறுத்தி, சேலையில் ஒட்டிய சேற்றைத் தட்டிவிட்டு, “அது பாட்டு அக்கா, வெறும் பாட்டு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்புக்கு எனக்கு இன்றுவரை மன்னிப்பில்லை.

அன்றைக்கு எல்லாவற்றையும் கிளிநொச்சியிலிருந்து வந்த வீடியோக்காரர் பிடித்தார். எங்கள் பக்கத்துக் கொண்டாட்ட வீடியோக்களைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். அதில் ஒருவரும் கதைக்கமாட்டார்கள். சனம் வாயை ஆட்டும், சிரிக்கும், சண்டை பிடிக்கும், மேலே பாட்டுத்தான் ஓடும். கதைச் சத்தம் என்றால் குப்பை, அதைக் கூட்டித் தள்ளிவிட்டுப் பாட்டுப் போட்டால்தான் அது வீடியோ என்று எங்களுக்கு ஒரு நினைப்பு. எங்களைப் போல விசர்ச் சனம் வேறு எங்கும் இருக்குமா தெரியாது. எந்த நேரமும் எதையாவது விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்த நாங்கள், கையில் வைத்திருக்கக்கூடிய குரல்களை நாங்களே காசு கொடுத்து அழிப்பித்தோம்.

ஒரு கிழமை கழித்து வீடியோக்காரர் பாட்டு லிஸ்ட் கேட்டு அனுப்பினார். நானும் அம்மாவும் அவருடைய கடைக்குப் போனோம். மாமா தண்ணீர் வார்க்கிற இடம் வந்தபோது அம்மா சொன்னார், “இந்த இடத்தில பாட்டு வேண்டாம் தம்பி. ஆக்கள் கதைக்கிற சத்தம் அப்பிடியே இருக்கட்டும்.”

“அப்பிடி ஒருத்தரும் செய்யிறேல்லை அம்மா. குழப்படிச் சத்தமாக் கிடக்கும். பிறகு என்னைத்தான் குறை சொல்லுவீங்கள்.”

நான் குறுக்கே விழுந்தேன். “மாமான்ர பாட்டைப் போடுங்கோ அண்ணை!”

அம்மா வேண்டாம் என்று தலையாட்டினார். நான் அந்தக் கடையில் நின்று அழுதேன். பதின்மூன்று வயதில், சடங்கு முடிந்த குமர்ப்பிள்ளை, மூக்கு வடிய அழுதேன். அம்மா கடைசியில், “சரி, அவளுக்குத்தானே கொண்டாட்டம், அவள் விரும்பினதைப் போடுங்கோ” என்றார். வீடியோக்காரர் கமராக் கசெற்றை அழித்து அடுத்த கலியாணத்துக்கு எடுத்தார். கசெற் தட்டுப்பாடான காலம், எல்லாருக்கும் அப்படித்தான் செய்வார்கள். எங்களுக்கு இரண்டு சீடி தந்தார். ஒன்று வட்டக்கச்சியில் எங்கள் அலுமாரிக்குள் இருந்தது. மற்றதை அம்மா வவுனியாவில் இருந்த சித்திக்குக் கொடுத்தனுப்பினார்.

இதற்குப் பிறகு நடந்ததை நான் விரித்து எழுதப்போவதில்லை. வீட்டை அலுமாரியோடு விட்டுவிட்டு இடம்பெயர்ந்தோம். 2009இல் புதுக்குடியிருப்புக்கு அங்கால், பதுங்குகுழி வாசலில் ஷெல் விழுந்து அம்மா செத்துப்போனார். எனக்குக் காலில் காயம். முகாமில் இருந்து, அந்த வருடக் கடைசியில் வவுனியாவில் சித்தி வீட்டுக்கு வந்தேன். அம்மாவின் ஒரு படம்கூட என்னிடம் இல்லை.

சித்தி அந்தச் சீடியை ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தார். “பாக்கிறியே பிள்ளை?” என்று கேட்டுப் போட்டுவிட்டு, தன்னால் பார்க்க ஏலாது என்று குசினிக்குள் போய்விட்டார். திரையில் அம்மா வந்தார். பச்சைச் சேலை, பூ இல்லாத தலை. என் பின்னால் நின்று ஏதோ சொல்கிறார். அந்த நேரம் பார்த்து டப் டப் டப். அம்மாவின் முகத்துக்கு மேலே, ஐந்து வருடத்துக்கு முந்திய என் மாமாவின் துவக்கு. என் உடம்பு என்னைக் கேளாமலே கதிரையின் கீழே போயிற்று. சில பாட்டுகள் பழசாகும், சில பாட்டுகள் அலுத்துப்போகும். இது அழுகி மணத்தது. அதை விரும்பிப் போடச் சொன்னவள் நான்தான் என்ற நினைப்பு வந்தபோது என் வாயிலேயே அடிக்கவேண்டும் போலிருந்தது.

அன்றைக்கே திரும்பவும் போட்டுப் பார்த்தேன். மாமாவின் பாட்டு முடிந்து அடுத்த பாட்டுத் தொடங்க முன்னம் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. வீடியோக்காரர் பாட்டுகளை ஒட்டும்போது அந்த இடத்தில் கமராச் சத்தத்தை மூட மறந்திருக்கிறார். நாலு விநாடி. வாளி ஒன்று நிலத்தில் வைபடுகிற சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம், பிறகு அம்மா: “முகத்தை உம்மெண்டு வச்சிருக்காதை பிள்ளை, வீடியோக்காரன் பாக்கிறான்.”

அவ்வளவுதான். வாழ்த்துமில்லை, ஆசீர்வாதமுமில்லை, ஒரு ஏச்சு. எனக்கு அது போதும்.

அதற்குப் பிறகு அதுதான் என் வேலை. காலையிலும் போடுவேன், பின்னேரமும் போடுவேன். அந்த நாலு விநாடியில் குரல் மெல்லியதாக இருந்தபடியால் சத்தத்தை முன்கூட்டியே முழுதாகக் கூட்டி வைக்க வேண்டும். இடைவெளிக்கு நேரே போக அந்தப் பழைய பிளேயர் விடாது. ஆகவே மாமாவின் பாட்டையும் முழுச் சத்தத்தில் கேட்டாக வேண்டும். வெடியும் சைரனும் துவக்கு வீரமும் தெருவரைக்கும் போகும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன். ஏன் போடுகிறேன் என்று சித்தியிடம் சொல்லவில்லை. சொன்னால் பக்கத்தில் வந்து இருந்து அழுவார், அந்த நாலு விநாடியும் அழுகையோடு போய்விடும். அவருக்கும் அது அக்காதான். இருந்தாலும் அதைப் பங்குபோட எனக்கு மனம் வரவில்லை.

சித்திக்குப் பயம் பிடித்தது. தெருவுக்குத் தெரு ஆமி நிற்கிற காலம், பயப்படாமல் என்ன செய்வார்? அந்த வருடம், அந்த ஊரில், வன்னியிலிருந்து வந்த பிள்ளை இருக்கிற வீட்டுக்குள் நாளுக்கு இரண்டு தரம் துவக்குப் பாட்டு. அவர் மாமாவுக்குத் தொலைபேசி எடுத்து, “பிள்ளை எந்த நேரமும் உன்ர பாட்டைத்தான் தம்பி கேட்குது, மண்டை குழம்பிப்போச்சோ தெரியேல்லை” என்று சொல்லியிருக்கிறார்.

மாமா அப்போது கலியாணம் பேசி முடித்து, தொப்பியை நேராகப் போடத் தொடங்கியிருந்தார். அந்தச் சீடிகளையெல்லாம் லண்டனில் குப்பையில் போட்டுவிட்டாராம். பெண் வீட்டுக்காரர் கேட்டால் வெட்கக்கேடு என்று அவருக்குப் பயம். ஊரில் இன்னும் ஒன்று இருக்கிறது என்று சித்தி சொல்லித்தான் அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது.

நான் கால் காயத்தைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு நாள். மத்தியானம் நொண்டி நொண்டி வந்து சேர்ந்தபோது சித்தி வாசலில் சந்தோஷமாக நின்றார்.

“தம்பி சொன்னவன், கடையில குடுத்து உன்ர சீடியைத் திருத்திப்போட்டன். அந்தக் கோதாரிப் பாட்டை எடுத்திட்டு நாதஸ்வரம் போட்டிருக்கு. இனி நிம்மதியா அக்கான்ர முகத்தைப் பாக்கலாம்.”

போட்டுப் பார்த்தேன். முதலிலிருந்து கடைசிவரை ஒரே நாதஸ்வரம், ஓரிடத்திலும் மூச்சு விடவில்லை. கடைக்காரர் வேலையைத் திறமாகச் செய்திருந்தார்.

“பழசு எங்கை சித்தி?”

“அதை உடைச்சு அடுப்புக்குள்ள போட்டிட்டன். ஒருத்தற்ர கையிலயும் கிடைக்கக்கூடாதெண்டு தம்பி சொன்னவன்.”

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. விஷயம் விளங்கியதும் சித்தி அடுப்படியில் அப்படியே குந்திவிட்டார். சாம்பலைக் கிளறிப் பார்த்தார். அவரில் கோபிக்க எனக்கு உரிமை இல்லை. ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தச் சீடியைத் தன் தாலியைப் போலக் காத்திருப்பார். சொல்லாதவள் நான்.

மூன்றாம் நாள் மாமா தொலைபேசி எடுத்தார். குரலில் நல்ல திருப்தி. “இப்ப எப்பிடி பிள்ளை, வடிவா இருக்கே? அந்த வயசில விசரில பாடினது. இப்பக் கேட்டால் எனக்கே கூசுது.”

கூசுகிறதாம். தன்னுடைய கூச்சத்தைத் துடைக்க அவருக்குக் கிடைத்த துணி என் அம்மாவின் குரல். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டு முடிகிற இடம், நாலு விநாடி, வாளிச் சத்தம். மறுபக்கத்தில் அவர் அழத் தொடங்கினார். ஆம்பிளை அழுகை, சளியும் விக்கலுமாக. நான் ஆறுதல் சொல்லவில்லை. அழட்டும் என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.

“என்னைத் தூக்கி வளத்தவ பிள்ளை... அக்கா என்ன சொன்னவ? அதையாவது சொல்லு.”

போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ தரம் கேட்டுவிட்டார், ஒருமுறை நேரில் வந்தும் கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. அம்மா சொன்னதை இங்கே எழுதத் துணிந்ததற்குக் காரணம், லண்டனுக்குப் போன நாளிலிருந்து மாமா தமிழில் ஒரு எழுத்தும் வாசிப்பதில்லை.