ஒன்பதாம் கட்டத்தில் எழுதிய காரணம்

ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தை ஒட்டிய தையல் அறையில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்த பெண்மணி ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். எல்லாரும் அவரைத் தையலம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லி யாரும் அழைத்து நான் கேட்டதில்லை. நான் அதே ஆஸ்பத்திரியில் பதிவறை எழுத்தர். விபத்துப் பதிவேடும் சீட்டுப் புத்தகங்களும் முப்பத்து மூன்று ஆண்டுகள் என் பொறுப்பில் இருந்தன. ஆகவே இதில் வரும் நாளும் நேரமும் எழுத்தில் இருப்பவை. பேச்சு மட்டும் நினைவிலிருந்து எழுதுவது.

தையல் அறையில் மூன்று தையல் இயந்திரங்கள், ஒரு நீண்ட மேசை, பாய்லர் கொட்டகையைப் பார்த்த ஒரு ஜன்னல். வார்டுகளிலிருந்து கிழிந்த படுக்கை விரிப்புகள் தினமும் மூட்டையாக வரும். தையலம்மா ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். சின்ன ஓட்டை என்றால் இழையோட்டித் தைப்பது, பெரிய கிழிசல் என்றால் வெட்டித் தலையணை உறையாக்குவது, அதற்கும் உதவாது என்றால் துடைக்கும் துணி. "இது இன்னும் ஒரு வருஷம் தாங்கும்" என்று சொல்லி ஓரத்தில் சாக்கட்டியால் கோடு போடுவார். ஒரு தடவை அவர் கோடு போட்ட நாற்பது விரிப்புகளின் எண்களைக் குறித்து வைத்துப் பார்த்தேன். முப்பத்தேழு ஒரு வருஷம் தாங்கின.

காலை எட்டு மணிக்கு முதல் விரிப்பைத் தொடுமுன் அவர் ஒரு நிமிடம் கண்மூடி நிற்பார். உதடு அசையாது. அந்த ஒரு நிமிடம் எந்த இயந்திரமும் ஓடாது. பக்கத்து இயந்திரத்துக்காரி, ஒல்லியாக இருப்பதால் குண்டூசி என்று பெயர் வாங்கியவர், அவர்கூட வாயை மூடிக்கொண்டிருப்பார்.

தையலம்மாவின் கணவர்தான் பாய்லர்காரர். சலவைக்கும் சமையலுக்கும் வேண்டிய நீராவி அவர் கையில் இருந்தது. திங்கட்கிழமை தோறும் காலை எட்டரைக்குப் பாதுகாப்பு வால்வின் பிடியை இழுத்து நீராவியை வெளியே விட்டுச் சோதிப்பார். அழுத்தம் மிஞ்சினால் தானாகத் திறக்க வேண்டிய வால்வு அது. வாரம் ஒரு தடவை திறந்து மூடாவிட்டால் உப்புப் படிந்து ஒட்டிக்கொள்ளும். திறக்கும்போது எழும் இரைச்சலில் மேல்மாடி நோயாளிகள் திடுக்கிட்டு எழுந்து உட்காருவார்கள். பாய்லர்காரர் அதை "வால்வு பேசுது" என்பார். சொன்னதைச் செய்வார், சொல்லாததைச் செய்யமாட்டார். கையில் நிர்வாகத்தின் உத்தரவுச் சீட்டு இல்லாமல் ஒரு திருகாணியைக்கூடக் கழற்ற மாட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு அழுத்தமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. அவர் வால்வின் பிடியை இழுத்தார். அசையவில்லை. பக்கத்தில் துணிக்கு இஸ்திரிப் பெட்டி போடும் நான்கு பேரைப் பிடரியைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு, எண்ணெய்க் குழாயை அடைக்கத் திரும்பி உள்ளே போனார். பத்து நாற்பத்திரண்டுக்குப் பாய்லர் வெடித்தது. அந்த நால்வரும் பிழைத்தார்கள். பாய்லர்காரர் பிழைக்கவில்லை. தையல் அறையின் ஜன்னல் கண்ணாடி முழுவதும் மேசைமேல் விழுந்தது. தையலம்மாவின் நெற்றியில் கடைசிவரை இருந்த தழும்பு அன்றைக்குப் பட்டது.

விபத்துப் பதிவேட்டில் ஒன்பதாவது கட்டம் காரணத்துக்கு உரியது. நான்கில் ஒன்றைத்தான் எழுதலாம்: இயந்திரப் பழுது, தொழிலாளியின் கவனக்குறைவு, நிர்வாகக் குறைபாடு, தெய்வச் செயல். விசாரணை முடியும்வரை காரணம் தெரியாத விபத்துக்குத் தெய்வச் செயல் என்று பென்சிலால் எழுதி வைப்பது எங்கள் வழக்கம். முடிவு வந்ததும் அழித்துவிட்டு மையால் எழுத வேண்டும். விசாரணைக்கு வந்த அதிகாரி இரண்டு நாளில் மாற்றலாகிப் போனார். அடுத்தவர் வரவே இல்லை. ஆண்டு முடிவில் பதிவேட்டை மூடும்போது பென்சிலில் இருப்பதையெல்லாம் இருந்தபடியே மையால் கெட்டிப்படுத்துவதும் எங்கள் வழக்கம்தான். அப்படியே செய்தேன்.

அடுத்த ஆண்டு, மகளைப் பள்ளியில் சேர்ப்பதற்காகத் தையலம்மா, கணவர் இறந்ததற்குச் சான்றாக அந்தப் பதிவின் நகல் கேட்டு வந்தார். நகலை நின்றபடியே எழுத்துக்கூட்டிப் படித்தார். ஒன்பதாவது கட்டத்தில் விரலை வைத்தார்.

"சார், இத எழுதுனது யாரு?"

"நான்தாம்மா."

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலம்மா. காரணம் தெரியலன்னா அப்படி எழுதறது வழக்கம்."

அவர் நகலை நான்காக மடித்தார். "வழக்கமா? ஆஸ்பத்திரி முத்திரை போட்டுல்ல கொடுத்திருக்கீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் எட்டு மணிக்கு அவர் கண்மூடி நிற்கவில்லை என்று குண்டூசி வந்து என்னிடம் சொன்னார். நேராக விரிப்பை எடுத்தாராம். அதற்கு மறுநாளும் அப்படியே. அது பதினோரு ஆண்டுகள் நீடித்தது.

அந்த ஆண்டுகளில் பதிவேடு சரிபார்க்க மாதம் ஒரு தடவை தையல் அறைக்குப் போவேன். அவர்கள் பேச்சு காதில் விழும்.

"என்னடி, இன்னமும் சாமியோட டூவா?" என்பார் குண்டூசி.

"நான் எங்க டூ விட்டேன்? என் வீட்டுக்கு வந்து கைய வச்சது அவரு."

"அவருக்கு ஏதாவது ஒரு கணக்கு இருக்கும்டி. நமக்குப் புரியாது."

"புரியாத வேலைய மனுஷன் வீட்டுல வந்து எதுக்குச் செய்யறாரு? நல்லது நடந்தா மட்டும் 'ஆண்டவன் குடுத்தான்'னு கும்பிடறீங்க. கெட்டது நடந்தா அவர ஒளிச்சு வச்சுட்டு விதின்னு சொல்றீங்க. நல்லதுக்குக் கும்பிடு வாங்கறவரு கெட்டதுக்கும் வந்து நிக்கணும்ல?"

"வாயக் கழுவுடி."

"நீ மொதல்ல அந்த ஓரத்தத் தை. கோணலா போகுது பாரு. அதையும் அவர் தலையில கட்டிடாத."

அறை சிரிக்கும். அவர் சிரிக்கமாட்டார். அவருடைய கோபத்தில் ஒரு ஒழுங்கு இருந்தது. கடவுள் இல்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. இருக்கிறார், செய்தார், செய்தவரிடம் எனக்குப் பேச்சில்லை. அவ்வளவுதான்.

பதினோராம் ஆண்டு அவருடைய கழுத்தில் ஒரு கட்டி வந்தது. வியாழக்கிழமை அறுவை சிகிச்சை என்று நாள் குறித்தார்கள். பிழைத்தாலும் குரல் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வாரம் திங்கட்கிழமை காலை எட்டரைக்குப் புது பாய்லரின் வால்வு இரைந்து அடங்கியது. சரியாகப் பத்து நிமிடம் கழித்து அவர் என் அறைக்கு வந்தார். சொல்லாமலே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அப்படி அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"சார், மகளும் வேண்டிக்கோம்மா, வேண்டிக்கோம்மான்னு உயிர எடுக்கறா. கொன்னவர்கிட்டப் போயி காப்பாத்துன்னு எப்படிக் கேக்கறது? ஆனா ஒரு சந்தேகம் வந்து ஒக்காந்துருச்சு. நீங்க தெரியாமத்தான் எழுதுனேன்னு அன்னிக்கே சொன்னீங்க. நான்தான் காதுல வாங்கல. ஒருவேளை அவரு செய்யலன்னா, பதினோரு வருஷம் ஒருத்தர் மேல அநியாயமாப் பழி போட்டிருக்கேன். மன்னிப்புக் கேக்கணும். செஞ்சிருந்தார்னா கேக்காமயே போறேன். குரல் இருக்கும்போதே எனக்குத் தெரியணும். தேடிச் சொல்லுங்க."

"புதன்கிழமைக்குள்ள சொல்றேம்மா" என்றேன்.

அந்த ஆண்டின் பாய்லர் நாட்குறிப்பை எடுத்தேன். ஒவ்வொரு திங்கட்கிழமைக்கும் எதிரே பாய்லர்காரரின் உருண்டை எழுத்தில் "வால்வு சோதித்தேன்" என்று இருந்தது. ஆனால் விபத்துக்கு முந்தைய ஆறு திங்கட்கிழமைகளுக்கு எதிரே மட்டும் "சீட்டு 212-இன்படி சோதிக்கவில்லை" என்று இருந்தது. நாட்குறிப்பு பாய்லர் கொட்டகையின் அலமாரியில் இருந்து தப்பியது; வெளிப்புறம் கருகியிருந்தாலும் உள்ளே ஒவ்வொரு எழுத்தும் தெளிவு. அது என் அலமாரிக்கு வந்து பதினோரு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. நான் அதை ஒரு தடவைகூடத் திறந்ததில்லை.

சீட்டுப் புத்தகத்தில் 212-ஆம் எண்ணின் கார்பன் நகலைத் திருப்பினேன். "ஆய்வுக் குழு வந்து போகும்வரை சத்தம் எழும் பாய்லர் வால்வுச் சோதனையை நிறுத்தி வைக்கவும். மறு சீட்டு கிடைத்த பின் தொடரவும்." கண்காணிப்பாளரின் கையொப்பம். எழுத்து என்னுடையது. குழு நான்கு நாள் இருந்துவிட்டுப் போயிருந்தது. அதன்பின் 213 முதல் 260 வரை ஒவ்வொரு தாளாகப் பார்த்தேன். மறு சீட்டு எழுதப்படவே இல்லை.

புதன்கிழமை இரண்டு புத்தகங்களையும் மேசையில் விரித்து அவருக்குப் படித்துக் காட்டினேன். எழுத்து யாருடையது என்றும் சொன்னேன். அவர் கார்பன் நகலை, விரிப்பைப் பார்ப்பதுபோல, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இத எழுதும்போது யோசிச்சீங்களா சார்?"

"இல்லம்மா. அன்னிக்கு ஒரே மூச்சுல ஏழு சீட்டு எழுதியிருக்கேன். இது அஞ்சாவது."

"எங்க மேல ஏதும் கோவமா?"

"இல்லவே இல்லம்மா."

"அந்தக் கண்காணிப்பாளருக்கு?"

"இருக்காது. குழு வரும்போது சத்தம் வேண்டாம்னு நெனச்சார். அவ்வளவுதான். அவரும் போய்ச் சேர்ந்து மூணு வருஷமாச்சு."

அவர் நகலை மேசையில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "வால்வு பேசி நாளாச்சு, எனக்கு மனசே சரியில்லன்னு வீட்டுல ரெண்டு தரம் சொன்னாரு சார். நான்தான் சொன்னேன், மேல சொன்னா சொன்னதுதான், நீங்க எதுக்கு வாயக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கறீங்கன்னு. இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. சாமிதான் செஞ்சாருன்னு நீங்க எழுதிக் கொடுத்ததும் நான் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன்."

பதிவேட்டைத் திறந்தேன். விதிப்படி, ஆவணம் கிடைத்தால் பழைய பதிவைத் திருத்தலாம். கண்காணிப்பாளர் ஒப்பமிட வேண்டும். "நிர்வாகக் குறைபாடுன்னு மாத்தறேம்மா" என்றேன்.

"நிர்வாகம்னா யாரு சார்? கண்ணுக்குத் தெரியாத ஒருத்தர எடுத்துட்டு, கண்ணுக்குத் தெரியாத இன்னொருத்தர வைக்கறீங்களா?"

ஆகவே இப்படி எழுதினேன்: "நிர்வாகக் குறைபாடு. சீட்டு 212. சொன்னவர் அப்போதைய கண்காணிப்பாளர். எழுதியவரும், மறு சீட்டு எழுத நினைவூட்டத் தவறியவரும் பதிவறை எழுத்தர்." அடியில் என் பெயரை முழுமையாக எழுதினேன்.

"என் பேரு?"

"வீட்டுல பேசுனத எழுத இதுல இடமில்லம்மா."

பழைய இரண்டு சொற்களின் மேல் அடிக்கோலை வைத்தேன். "முழுசா அழிச்சுடாதீங்க சார்" என்றார் அவசரமாக.

"அழிக்கக் கூடாதும்மா. ஒத்தைக் கோடுதான். அடிச்சது என்னன்னு படிக்கத் தெரியணும். அதுதான் விதி."

"நல்ல விதி. பழி போட்டோம்னு தெரியட்டும்."

கோட்டைப் போட்டேன். ஓரத்தில் தேதியும் சுருக்கொப்பமும் இட்டேன். புதிய கண்காணிப்பாளர் படித்துவிட்டு, "ரிட்டயர் ஆக ஆறு மாசம் இருக்கு. எதுக்கு சார் பேரக் கெடுத்துக்கறீங்க?" என்றார். பிறகு நாட்குறிப்பின் கருகிய ஓரத்தைப் பார்த்துவிட்டு ஒப்பமிட்டார்.

திரும்பி வந்தபோது தையலம்மா எழுந்து நின்றிருந்தார். "உங்கள மன்னிச்சுட்டேன்னு இன்னிக்குச் சொல்ல வரல சார். சொன்னா பொய். காட்டுனீங்க பாருங்க, அது நெஜம்." கதவுவரை போய்த் திரும்பினார். "அவரு செய்யலன்னு தெரிஞ்சுது. ஆனா அந்த ஆறு வாரமும் மேல இருந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தாரு? அதுக்கு உங்க புத்தகத்துல கட்டம் இருக்கா?"

"இல்லம்மா."

"அப்ப அத நானே நேர்ல கேட்டுக்கறேன்."

வியாழக்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு அவரை அறுவை அறைக்குள் கொண்டுபோனார்கள். பகல் ஒன்று பத்துக்கு வெளியே வந்தார். கட்டியை எடுத்துவிட்டார்கள். குரல் பாதி போயிற்று. மீதி, நூல் அறுந்து அறுந்து வருவதுபோல வந்தது.

ஐந்து வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினார். அவர் வருகையைக் குறிக்க நான் தையல் அறையில் இருந்தேன். எட்டு மணிக்கு அவர் விரிப்பைத் தொடவில்லை. கண்மூடி நின்றார். குண்டூசி தன் இயந்திரத்தின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார். இந்தத் தடவை தையலம்மாவின் உதடு அசைந்தது. ஒரு நிமிடத்தில் முடியவில்லை. முகத்தில் பணிவு இல்லை. தாமதமாக வந்தவரை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்பவர் முகம்போல இருந்தது. என் கைக்கடிகாரத்தில் நான்கு நிமிடம் ஆயிற்று. அவர் கண்ணைத் திறந்ததும் குண்டூசியால் பொறுக்க முடியவில்லை.

"என்னடி, பழம் விட்டாச்சா?"

தையலம்மா முதல் விரிப்பை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தார்.

"இல்ல" என்றார் அந்தப் பாதிக் குரலில். "பேச ஆரம்பிச்சிருக்கோம்."