மாவுக்கட்டு அக்காவும் பச்சைப் பொத்தானும்

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் கட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எலும்பு முறிந்து வருகிறவர்களுக்கு மாவுக்கட்டு போடுகிற அறை அவளுடையது. டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடுவார். பஞ்சு சுற்றுவது, கட்டுத்துணியைத் தண்ணீரில் முக்கிப் பிழிவது, அது இறுகுகிற வரைக்கும் கையை அசையாமல் பிடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவது எல்லாம் அவள் பாடு. எலும்பு வெளியே துருத்திக்கொண்டு வந்தவனைப் பார்த்தும் முகம் சுளிக்காதவள். கூட வந்த சொந்தக்காரர்கள் மயங்கி விழுந்தால் அவர்களை ஓரமாக நகர்த்திப் படுக்க வைத்துவிட்டுக் கட்டைத் தொடர்வாள். அதிர்ச்சி என்பது அடுத்தவர்களுக்கு வருகிற சமாசாரம் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த நினைப்பில் மண்ணைப் போட்டவர் அவள் வீட்டுக்காரர். பார்த்தால் அப்படிச் செய்கிற ஆளாகத் தெரியாது. பல் டாக்டர்களுக்குப் பல்செட்டு செய்து கொடுக்கிறவர். மெழுகும் சின்னக் கத்தியுமாக ஜன்னலோரம் உட்கார்ந்தால், யாரோ ஒருவருடைய கடவாய்ப்பல்லைத் தேய்த்துத் தேய்த்தே பாதி நாளை ஓட்டிவிடுவார். அவர் விரல்கள்தான் அந்த வீட்டின் சொத்து, சோறு, மானம் எல்லாம். தெருவில் கார் ஓட்டினால் சைக்கிள்காரனுக்கும் வழிவிடுவார். "இறங்கி நடந்துட்டா சீக்கிரம் போயிடலாம் போலிருக்கே" என்று அவள் கேட்காத நாள் கிடையாது.

இப்படிப்பட்ட மனிதர், சாயங்காலம் வேலை முடிந்ததும் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வேறு ஆளாகிவிடுவார். உடைந்த காரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த ஒரு இருக்கை, அதற்கு முன்னால் மூன்று திரைகள், ஒரு ஸ்டியரிங், காலடியில் தரையோடு முடுக்கிய பெடல்கள். எங்கெங்கோ இருக்கிற ஆட்களோடு கம்ப்யூட்டரில் ரேஸ் ஓட்டுவார். விளையாட்டுதானே என்று சாய்ந்து உட்காருகிற பேச்சே இல்லை. இருக்கையில் பெல்ட் வேறு போட்டு இறுக்கிக்கொள்வார். அங்கே அவருக்கு வைத்திருந்த பெயர் கடவாய்ப்பல். முகம் தெரியாத நூற்றுக்கணக்கான பேர் கடவாய்ப்பல் வருகிறார் என்றால் ஒதுங்குகிறார்களாம். அவள் முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அதுவும் வீட்டின் சத்தங்களில் ஒன்றாகிவிட்டது.

ஸ்டியரிங்கில் ஒரு பச்சைப் பொத்தான் உண்டு. கார் சுவரில் மோதி அப்பளமாக நொறுங்கினாலும் அதை அமுக்கினால் போதும். திரை ஒரு கணம் கறுத்து, மறுபடி வெளிச்சம் வரும்போது கார் கீறல்கூட இல்லாமல் கொட்டகையில் நிற்கும். மோதியதும் அவர் கைகளை மடியில் போட்டுக்கொண்டு, உதட்டைப் பிதுக்கியபடி, எதிரே பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். சாப்பாட்டுக்குக் கூப்பிட வருகிறவள் அவர் தோளுக்கு மேலே கையை நீட்டி அந்தப் பொத்தானை அமுக்கிவிடுவாள். "அதான் முடிஞ்சுதுல்ல, எழுந்து வாங்க" என்பாள். நாளடைவில் அந்தப் பொத்தான் அவள் வேலையாகவே ஆகிவிட்டது.

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர், தட்டைப் பார்த்துக்கொண்டே, "நான் ஜெயிச்சுட்டேன்" என்றார்.

"தினமும்தானே ஜெயிக்கறீங்க."

"இது பெரிய போட்டி. பரிசு என்ன தெரியுமா? நிஜ ரேஸ். ஊருக்கு வெளியில இருக்குதே, அந்த மைதானத்துல. நிஜக் கார்ல."

கரண்டி அவள் கையிலிருந்து நழுவிக் குழம்புக்குள் விழுந்தது. அவளுக்கு அந்த மைதானம் தெரியும். ரேஸ் நடக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கிருந்து ஆட்கள் நேராக அவள் மேஜைக்குத்தான் வருவார்கள். அதில் பாதிப்பேர் இரண்டு கட்டைவிரல்களும் முறிந்து வருவார்கள். ஏன் எல்லாருக்கும் கட்டைவிரலே போகிறது என்று ஒருவனிடம் கேட்டிருக்கிறாள். "மோதப் போறோம்னு தெரிஞ்சா ஸ்டியரிங்கை விட்டுடணும்க்கா. கையை எடுத்து நெஞ்சுல வெச்சுக்கணும். சக்கரம் சுவத்துல பட்டதும் ஸ்டியரிங் ஒரு சுத்து சுத்தும் பாருங்க, பிடிச்சிருந்தா விரல் அதோட போயிடும்" என்று சொல்லியிருந்தான் அவன்.

அன்று சாப்பிட்டு முடித்ததும் அவரைத் திரையில் ஒரு தடவை வேண்டுமென்றே சுவரில் மோதச் சொல்லிப் பார்த்தாள். கடைசி வரைக்கும் ஸ்டியரிங்கை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அந்த விரல்ல ஒண்ணு கோணினாலும் அப்புறம் பல்செட்டு செய்ய முடியுமா உங்களால?"

"விட்டா கார் போயிடும்மா. கடைசி வரைக்கும் பிடிச்சாத்தான் சில சமயம் தப்பிக்கலாம்."

"திரையில தப்பிக்கலாம். நிஜத்துல யாரு கட்டுப் போடறது? நான்தான்."

அன்றிலிருந்து பயிற்சி ஆரம்பமானது. அவர் ஓட்டிக்கொண்டிருக்கும்போது சமையலறையிலிருந்து "கை" என்று கத்துவாள். உடனே கைகளை எடுத்து நெஞ்சில் குறுக்காக வைத்துக்கொள்ள வேண்டும். கார் போய் மோதட்டும், கவலையில்லை. முதலில் முனகினார். பிறகு பழகிப்போனார். அவர் சாப்பிடும்போதும், செருப்பு மாட்டும்போதும் அவள் "கை" என்றால் கைகள் தானாக நெஞ்சுக்குப் போகும் அளவுக்கு ஆக்கிவிட்டாள். அவருடைய தங்கை, அதாவது அவள் நாத்தனார், ஒருநாள் வீட்டுக்கு வந்து இதைப் பார்த்துவிட்டு, "எங்க அண்ணனை என்ன அண்ணி பொம்மை ஆக்கி வெச்சிருக்கீங்க" என்று கேட்டாள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பயம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து அதற்கு மருந்தும் போட்டாயிற்று என்று நிம்மதியாகத் தூங்கினாள்.

போட்டி நாளன்று நாத்தனாரும் குடையோடு கிளம்பிவிட்டாள். மைதானத்தின் வாசலில் கால் வைத்ததுமே கட்டக்கா நின்றுவிட்டாள். சத்தம் காதில் கேட்கவில்லை, நெஞ்சுக்குள் கேட்டது. பல் கூசியது. டயர் கருகிய வாடையும் பெட்ரோல் வாடையும் தொண்டையில் ஒட்டிக்கொண்டன. இத்தனை வருடமாகப் பின்னறையில் கேட்டதெல்லாம் கொசு ரீங்காரம் என்று அப்போதுதான் தெரிந்தது.

காலையில் பழகிப் பார்க்க ஓட்டிவிட்டு வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். முகத்தில் ஈயாடவில்லை.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. கழுத்து வலிக்குது." ஒரு வாய் தண்ணீர் குடித்தார். "இந்த மைதானத்துல ஒவ்வொரு கோடும் எனக்கு மனப்பாடம். எங்க மேடு, எங்க பள்ளம், எல்லாம் அப்படியே இருக்கு. ஆனா அந்தப் பின்பக்கச் சரிவு இருக்கே, வீட்ல அதைச் சரிவுன்னு தெரிஞ்சு வெச்சிருந்தேன், அவ்வளவுதான். இங்க வயிறு மேல வந்துடுது."

"வேணாம்னா வேணாம். வீட்டுக்குப் போலாம்."

"இவ்வளவு தூரம் வந்துட்டு எப்படிம்மா?"

அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டு, "கை ஞாபகம் இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

ரேஸ் தொடங்கியதும் அவளுக்கு இன்னொரு அதிர்ச்சி. ஒன்றுமே தெரியவில்லை. வீட்டில் அவர் பின்னால் நின்றால் போதும், எங்கே இருக்கிறார், யார் பின்னால் வருகிறான், எல்லாம் திரையில் விரியும். இங்கே அவருடைய மஞ்சள் நிறக் கார் எதிரே ஒரு கணம் பறந்தது, வளைவில் திரும்பியது, மரங்களுக்குப் பின்னால் மறைந்தது. அதோடு சரி. மறுபடி அது சுற்றி வருகிற வரைக்கும் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பதுகூட அவளுக்குத் தெரிய வழியில்லை. இப்படி ஒரு காட்சியையா சனங்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்கள் என்று திகைத்தாள்.

"வீட்ல இதைவிட வேகமா ஓட்டுவாரே அண்ணி" என்றாள் நாத்தனார், குடையைச் சுழற்றிக்கொண்டு.

"வாயை மூடிட்டுக் கொஞ்சம் பாரு."

மஞ்சள் கார் வந்தது, போனது. மறுபடி வந்தது, போனது. பிறகு சிவப்பு வந்தது, நீலம் வந்தது, வெள்ளை வந்தது, மஞ்சள் வரவில்லை. ஏற்கெனவே போய்விட்டதோ, கண் தப்பிவிட்டதோ என்று நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் குடையை மடக்கியிருந்தாள். மரங்களுக்கு மேலே கறுப்பாகப் புகை எழுந்தது. கார்களின் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. அந்த அமைதி, அதற்கு முன்னால் இருந்த சத்தத்தைவிட மோசமாக இருந்தது.

எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. வேலியில் தடுத்தார்கள். "நான் ஆஸ்பத்திரிக்காரி" என்று சொல்லிப் பார்த்தாள். குரல் வரவில்லை. எத்தனை பேருடைய வீட்டுக்காரிகள் அவள் அறை வாசலில் இதேபோல வாயைத் திறந்து திறந்து மூடியிருக்கிறார்கள். அவர்களையெல்லாம் ஓரமாக உட்காரச் சொன்னவள் அவள். இப்போது அவளிடமும் ஒருவர் அப்படித்தான் சொன்னார். அவளும் உட்கார்ந்தாள்.

முதலுதவி அறைக்குள் விட்டபோது அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவள் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கைகளைப் பிடித்து, கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை ஒவ்வொரு எலும்பாக அமுக்கிப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. ஒரு சிராய்ப்புகூட இல்லை. அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. பயிற்சி கொடுத்த பெருமைகூடக் கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

அந்த நேரம் வளைவில் கொடி காட்டுகிறவர் உள்ளே வந்தார். கையுறை முழுக்கக் கரி.

"இவரு வீட்டுக்காரங்களா நீங்க? தலையை நல்லா படம் எடுத்துப் பாருங்கம்மா. எனக்குச் சரியாப் படல." அவர் கட்டிலைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "சுவத்துல மோதினப்ப கையை எடுத்து நெஞ்சுல வெச்சாரு. அடடா, அனுபவஸ்தர்னு நினைச்சேன். அப்புறம் வண்டிக்குப் பின்னால பெட்ரோல் ஒழுகித் தீப்பிடிச்சுது. இறங்குங்க, இறங்குங்கன்னு கத்தறேன். மனுஷன் அசையல. நல்லா முழிச்சுட்டு, கையை மடியில போட்டுட்டு உக்காந்திருக்காரு. நானும் இன்னொருத்தரும் பெல்ட்டை அறுத்துத்தான் வெளிய இழுத்தோம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா…"

மேலே சொல்லாமல் கையுறையைக் கழற்றிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

டாக்டர் வந்து விளக்கடித்துப் பார்த்தார். கழுத்தைத் திருப்பினார், பெயர் கேட்டார், கிழமை கேட்டார். எல்லாவற்றுக்கும் அவர் சரியாகப் பதில் சொன்னார். தலையில் அடியே இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாத்தனாரைத் தண்ணீர் வாங்கி வர அனுப்பிவிட்டு அவள் கட்டிலருகே நின்றாள்.

"கால் மாட்டிக்கிச்சா?"

"இல்ல."

"பெல்ட் கழறலையா?"

"கழட்டிப் பாக்கவே இல்ல."

"அவரு கத்தினது கேக்கலையா?"

"கேட்டுச்சு. பின்னால சூடு கூட ஏறுச்சு." அவர் தன் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆனா யாருக்கோ சொல்றாங்கன்னு இருந்துது. நான் காத்துட்டிருந்தேன்."

"எதுக்கு?"

"திரை கறுப்பாகும்னு."

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. பிறகு அவர் உட்கார்ந்திருந்த விதம் கண்ணில் பட்டது. மடியில் கை, பிதுங்கிய உதடு, எதிரே வெறித்த பார்வை. எத்தனை சாயங்காலம் பார்த்திருக்கிறாள். கையை எடுக்கச் சொல்லிக் கத்தினாளே தவிர, மோதிய பிறகு இறங்க வேண்டும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவர்கள் வீட்டில் கார் எத்தனையோ தடவை நொறுங்கியிருக்கிறது. ஒரு தடவைகூட யாரும் அதிலிருந்து இறங்கியதில்லை.

"பொத்தானைத் தேடினீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இல்லம்மா." அவர் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். குழந்தை மாதிரி ஒரு பார்வை. "அதை நீதானே அமுக்குவே."

எலும்பு துருத்தியதைப் பார்த்து அசராத கட்டக்கா, அந்தக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீரோடு வந்த நாத்தனார், "யாருக்கு அடி, அண்ணனுக்கா அண்ணிக்கா?" என்று பதறினாள்.

மறுவாரமே அவர் வேலையைத் தொடங்கிவிட்டார். விரல்கள் பழையபடி பல்லைத் தேய்த்தன. பின்னறையை மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் அவளே கதவைத் திறந்துவிட்டு, "உக்காந்து ஓட்டுங்க" என்றாள். அதற்கு முன்னால், அவர் பல்செட்டைக் குடைந்து தேய்க்கிற சின்ன மெஷினாலேயே பச்சைப் பொத்தானை நோண்டி எடுத்துக் குப்பையில் போட்டிருந்தாள். அது இருந்த இடத்தில் ஒரு ஓட்டை. இனி மோதினால் பெல்ட்டைக் கழற்றி, எழுந்து, அறையை விட்டு வெளியே வந்து, கூடத்துச் சுவரோரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போய் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதுதான் சட்டம்.

இப்போதும் அவர் ஓட்டுகிறார். மோதவும் செய்கிறார். அந்தச் சத்தம் கேட்டால் அவள் செய்துகொண்டிருப்பதை அப்படியே நிறுத்திவிடுவாள். அடுப்பில் எது பொங்கினாலும் பொங்கட்டும். பெல்ட் கழலுகிற சத்தம் கேட்டு, அவர் நடந்து வந்து கூடத்துச் சுவரோரம் நிற்கிற வரைக்கும் அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "இறங்கிட்டேம்மா" என்பார் அவர்.