எங்கட ஆக்களின் ஒஃபிஸ்

வீடு விற்கும் ஏஜென்ட் லைசென்ஸ் கிடைத்தபோது ராஜகுமாரிக்கு ஐம்பது வயது. சிட்னியில் இரண்டு அலுவலகங்கள் அவளைக் கூப்பிட்டன. பரமட்டாவிலிருந்த வெள்ளைக்காரரின் பெரிய நிறுவனம் சம்பளம் தரும். அங்கே அவள் பெயரைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. வென்ற்வர்த்வில்லில் விக்னராஜா நடத்திய சின்ன அலுவலகத்தில் சம்பளம் கிடையாது, விற்றால் கொமிஷன். ஆனால் பெயரோடு ஊரையும் தகப்பனையும் சேர்த்தே சொல்வார்கள்.

அவளுக்காக முடிவெடுத்தது புஷ்பவல்லி. எண்பத்தாறில் ஒரே வாடகை ஃபிளாட்டைப் பகிர்ந்தவை இவர்கள் இருவரின் குடும்பங்கள். தனித்தனி வீடு போன பிறகும் ஒருத்தி குசினியில் உப்பு முடிந்தால் மற்றவளுக்குத் தெரியும். "விக்னராஜா அண்ணையிட்டப் போ. எங்கட ஆக்கள் எங்கட ஆக்களிட்டத்தானே வருவினம்," என்றாள்.

வாங்குவதற்கு வரத்தான் செய்தார்கள். மேய்ஸ் ஹில் கோயிலில் திருநீறு பூசியபடியே விலை கேட்டார்கள். விற்பதற்கு மட்டும் வேறெங்கோ போனார்கள். விற்கிற வீட்டில் கடனோ சண்டையோ இருக்கும். விக்னராஜாவின் வாயோ சும்மா இராது.

2003 ஓகஸ்டில், பக்கத்து ஊரான தூங்காபியில் புஷ்பவல்லியின் வீட்டு வாசலில் விற்பனைப் பலகை நின்றது. பரமட்டா நிறுவனத்தின் பலகை.

சனிக்கிழமை வீட்டைப் பார்வைக்குத் திறந்தபோது ராஜகுமாரியும் போனாள். அவளே தைத்துக் கொடுத்த திரைச்சீலைகளை அங்கிருந்த ஏஜென்ட் அவளிடமே புகழ்ந்தான். சாமியறையில் சாமி இல்லை. அது படிக்கும் அறையாம். படுக்கையறை அலுமாரியில் ஓர் ஆண் உடுப்புக்கூட இல்லை. புருஷனுக்குப் பேர்த் நகரில் வேலை என்றுதான் புஷ்பவல்லி இத்தனை மாதமும் சொல்லிவந்தாள்.

தெருவின் மறுபக்கம் காருக்குள் புஷ்பவல்லி இருந்தாள். ராஜகுமாரி ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவர் என்னை விட்டிட்டுப் போட்டார். வேற ஒருத்தியோட," என்றாள் புஷ்பவல்லி.

"எனக்கு ஏனடி சொல்லேல்லை?"

"சொன்னா வீட்டை உன்னட்டத் தரவேணும். தந்தா அண்ணைக்குத் தெரிஞ்சிடும். நீ இந்த வெள்ளையளோட சேர்ந்திருந்தா முதல் உன்னட்டத்தான் வந்திருப்பன்."

தன்னை விக்னராஜாவிடம் அனுப்பியது யார் என்று ராஜகுமாரி கேட்கவில்லை.

"ஆக்கள் வந்திருக்கினமே?" என்று புஷ்பவல்லி கேட்டாள்.

"ஓம். நல்ல வீடெண்டு கதைக்கினம்."

திங்கட்கிழமை விக்னராஜா கதிரையைத் திருப்பினார். பலகை அவர் கண்ணிலும் பட்டிருந்தது. "உங்கட உயிர்ச் சிநேகிதி எல்லோ? ஏன் எங்களிட்டத் தரேல்லை? அந்த வீட்டில என்ன பிரச்சினை?"

அந்த வீட்டில் ஒன்றுமில்லை, தனக்கும் அவளுக்கும்தான் பிரச்சினை, கன நாளாகக் கதை பேச்சில்லை என்றாள் ராஜகுமாரி. விக்னராஜா நம்பினார். வெள்ளிக்கிழமைக்குள் கோயிலுக்கு வருகிறவர்களும் நம்பினார்கள்.

சொன்ன பொய் நிற்க வேண்டும். அந்தத் திங்கட்கிழமை மாலையே ஃபோனில் பேசி ஒத்துக்கொண்டு, இருவரும் பிரகாரத்தில் கண்டால் முகத்தைத் திருப்பினார்கள். பார்க்கிறவர்களுக்காகப் பேசாதிருந்தவர்கள், மெல்ல ஃபோனிலும் பேசாமற் போனார்கள். பேசினால் விட்டுப்போன புருஷனைப் பற்றித்தான் பேசவேண்டும்.

வீடு நல்ல விலைக்குப் போனது. புஷ்பவல்லி மெல்பேர்னிலுள்ள ரோவிலுக்குக் குடிபோய்விட்டாள் என்ற செய்தியை ராஜகுமாரிக்குச் சொன்னவர் விக்னராஜாதான்.