கிளெனிஸ் இரண்டு இரவுக்கு மேல் தங்கமாட்டாள்

கிளெனிஸ் ட்ரெவார்த்தாவும் அவள் கணவன் கீத்தும் பெட்ரோலும் சாப்பாடும் படுக்கையும் கொடுக்கிற எங்கள் சாலையோர ரோட்ஹவுசுக்கு ஒரு மாட்டு லாரியில் வந்து இறங்கினார்கள். ஏப்ரல் கடைசி. ஈக்கள் இன்னும் குறையவில்லை. ஆளுக்கொரு மூட்டை முதுகில். கீத் இறங்கின வேகத்தில் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். கிளெனிஸ் மூட்டையைக்கூட இறக்கவில்லை. நேரே கவுண்டருக்கு வந்தாள்.

"வடக்க நடந்தா அடுத்த தண்ணி எங்க இருக்கு?"

"முதல்ல ஒரு டீ குடிம்மா. தண்ணி எங்கயும் ஓடிப்போயிடாது," என்றேன்.

"அவகிட்ட உட்காருன்னு மட்டும் சொல்லிடாதீங்க," என்றான் கீத் வாசலிலிருந்து. "கெட்ட வார்த்தைன்னு நினைச்சுக்குவா."

அப்போது அவளுக்கு ஐம்பத்தேழு வயது. அவனுக்கு அறுபது. கடினா பக்கத்துக் கோதுமைக் காடுகளுக்கு நடுவே இருபத்தேழு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் அவள். காலையில் ஒரு சுற்று, மாலையில் அதே சுற்று. எந்த வீட்டுத் தபால் பெட்டி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். கீத் தானியக் கிடங்கில் லாரிகளை எடை போட்டுக்கொண்டிருந்தான். ஓய்வு பெற்றதும் வாலரூ படகுத்துறையில் நாற்காலி போட்டு மீன் பிடிப்பது என்று வெகுகாலமாக முடிவு செய்து வைத்திருந்தான். பஸ் சாவியை ஒப்படைத்த அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது அவன் ஆட்டுக்கறி வறுத்துக்கொண்டிருந்தான்.

"இந்த வீட்ட வித்துடலாம்," என்றாளாம்.

"சாப்பிடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டானாம் இவன்.

வீட்டை விற்ற பிறகு நாலு வருஷம். நடந்தார்கள், லாரிக்காரர்களிடம் கை காட்டி ஏறிக்கொண்டார்கள், ஓடைக்கரையில் கூடாரம் அடித்தார்கள். ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் அவள் தங்கியதே இல்லை. மூன்றாம் நாள் விடியும்போது மூட்டை கட்டித் தயாராக இருக்கும். நீ ஏன் கூடவே அலைகிறாய் என்று ஒருநாள் கீத்தைக் கேட்டேன். "அவ இல்லாத வீட்ல யாரு கூட சண்டை போடறது, ரோண்டா?" என்றான்.

எங்களிடமும் இரண்டு இரவுதான் என்று வந்தார்கள். இரண்டாவது நாள் மழை பிடித்துக்கொண்டது. இந்தப் பக்கம் மழை வந்தால் மண் சாலை பசையாகிவிடும். வண்டி இறங்கினால் அபராதம். சாலை மூடல் பலகையைத் தொங்கவிட்டாயிற்று. வருகிறவர் யாருமில்லை, போகிறவரும் இல்லை.

கீத்துக்கு அது சொர்க்கமாக இருந்தது. அவனுடைய இடது முட்டி ரொட்டி மாதிரி வீங்கியிருந்தது. என் சமையலறையில் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உருளைக்கிழங்கு தோல் சீவினான். பத்து மாதமாக ஒழுங்காக மூடாத குளிர் அறைக் கதவைச் சரிசெய்தான். கிளெனிஸ் மூட்டையைப் பிரித்தாள், கட்டினாள், மறுபடி பிரித்தாள். டீசல் தொட்டிகளைச் சுற்றிச் சுற்றி நடந்து சேற்றில் ஒரு வாய்க்காலே வெட்டிவிட்டாள். ஐந்தாம் நாள் இரவுச் சாப்பாட்டின்போது முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நாளைக்குக் கிளம்புறோம்."

"ரோடு மூடியிருக்கு, கிளென்."

"வண்டிக்குத்தான் மூடியிருக்கு. காலுக்கு மூடல. பழைய ரயில் பாதை மேடு தண்ணிக்கு மேலதான் நிக்குது, பார்த்துட்டு வந்துட்டேன்."

"என் முட்டியப் பார்த்தியா?"

"உனக்கென்ன, உட்கார இடம் கிடைச்சாப் போதும். நீ மனுஷனா, மரமா?"

"மரமாவே இருந்துட்டுப் போறேன். மரத்துக்கு முட்டி வலி கிடையாது. போறதுன்னா நீ போ. நான் வரல."

நாலு வருஷத்தில் அவன் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு அவனே கொஞ்சம் திகைத்தான். அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

காலையில் அவள் இல்லை. உப்பு ஜாடிக்கு அடியில் ஒரு சீட்டு: 'ரயில் மேட்டு வழியாப் போறேன். கோவம் இல்ல. கொஞ்சம் கோவம்.'

கீத் தன் மூட்டையைத் திறந்து பார்த்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தான். சுமையைப் பங்கிட்டதில் கூடாரத் துணி அவளிடம், கம்பிகள் இவனிடம். "மகாராணி இனிமே துணியப் போர்த்திக்கிட்டுதான் தூங்கணும்!" மத்தியானத்துக்குள் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து வாசலுக்கு நொண்டினான், திரும்பி வந்து உட்கார்ந்தான், உடனே எழுந்தான். அவளை உட்கார் உட்கார் என்று நச்சரித்தவன் அன்றைக்கு எந்த நாற்காலியிலும் பத்து நிமிஷம் தங்கவில்லை. ரேடியோவில் சுற்றுப்பட்டுப் பண்ணைகள் எல்லாவற்றையும் கூப்பிட்டான். யாரும் பார்க்கவில்லை. தானே நடந்து போய்த் தேடுகிறேன் என்று கிளம்பினான். நான் அவனுடைய இடது பூட்ஸை எடுத்துக் குளிர் அறையில், இறைச்சிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

இன்னும் ஒரு நாள் பார்த்துவிட்டு ஹெலிகாப்டர் அனுப்புவதாகப் போலீஸ்காரர் ரேடியோவில் சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் பிற்பகல் ரேடியோ கரகரத்தது. ரேலீன், சாலையைச் செப்பனிடும் கிரேடர் ஓட்டுகிறவள். வடக்கே நாற்பது கிலோமீட்டரில் சாலை வேலைக்காரர்களின் முகாம்.

"ரோண்டா, கேக்குதா? கூடாரத் துணியச் சுத்திக்கிட்டு ஒரு பொம்பள வந்து நிக்கிறா. உங்க ஆளா?"

"ஆமா! நல்லா இருக்காளா?"

"கால் ரெண்டும் கொப்புளம். வாய் நல்லா இருக்கு. என் கிரேடர நிறுத்தின லட்சணத்தக் குறை சொல்லிட்டிருக்கா."

கீத் மைக்கைப் பிடுங்கினான். பொத்தானை அழுத்தினான்.

"யாருப்பா அது, மூச்சு மட்டும் விடறது?" என்றாள் ரேலீன்.

இரண்டு நாள் கழித்து, அனுமதி கிடைத்ததும், என் வண்டியில் போனோம். முகாம் வண்டியின் நிழலில் கிளெனிஸ் உப்புத் தண்ணீர் வாளிக்குள் கால்களை வைத்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கீத் நொண்டிக்கொண்டு போய்க் கம்பிகளை அவள் பக்கத்தில் போட்டான்.

"இந்தா."

"லேட்டு," என்றாள் அவள். பிறகு அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, அவன் வயிற்றில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் ரேலீனிடம் டீ கேட்கப் போய்விட்டேன்.

நடந்ததைப் பிற்பாடு சொன்னாள். பாதி தூரத்தில் ரயில் மேடு அரித்துப் போயிருந்தது. முன்னால் பெருக்கு. திரும்பிப் பார்த்தால் அவள் வந்த பக்கத்திலும் தண்ணீர் ஏறிவிட்டது. நாலு ஆள் நீளத்துக்கு ஒரு மண் திட்டு. தண்ணீர் வடியும்வரை அதன்மேல் ஒன்றரை நாள்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டான் கீத்.

"நரகம். பஸ்ஸு சீட்ல திரும்பக் கட்டிப்போட்ட மாதிரி. உன்கிட்ட ஏதோ சொல்லலாம்னு ஏழெட்டு தடவ திரும்பினேன். நீ இல்ல. அது அதவிடக் கடுப்பு."

"அப்ப இனிமே ஒரு இடத்துல இருப்பியா?"

"முடியாது, கீத். என்னால ஆகல. என்ன பண்ணச் சொல்ற?"

கீத் வெகுநேரம் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு பழைய வண்டி வாங்குறேன்," என்றான் கடைசியில். "நீ நட. நான் முன்னாடி போயி உட்கார்றேன். சாயங்காலம் நீ வரும்போது கூடாரம் நிக்கும், தண்ணி கொதிக்கும்."

"அதெல்லாம் சோம்பேறிப் பயணம்."

"நான்தான் சோம்பேறி. நீ நடக்கத்தானே போற?"

அப்படித்தான் ஆயிற்று. அவள் ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் நடப்பாள். அவன் வண்டியில் போய்க் காத்திருப்பான். கிம்பர்லியிலிருந்து ஒரு கார்டு, மேற்குப் பாலைவனத்து ஓரத்திலிருந்து ஒன்று என்று வந்துகொண்டிருந்தன. ஒன்றில் அவள் புகார் எழுதியிருந்தாள்: 'இந்த மனுஷனுக்கு உட்காரத் தெரியவில்லை. நாலு மணிக்கு வருவேன் என்றால் ரெண்டு மணிக்கே எதிரே நொண்டிக்கொண்டு வந்து நிற்கிறான். நிம்மதியாக நடக்க முடியவில்லை.' அவளைத் தேடிக் காத்திருந்த அந்த மூன்று நாளை அவன் உடம்பு மறக்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

அப்புறம் அடிலெய்டில் அவனுக்கு முட்டி அறுவை சிகிச்சை நடந்தது. ஆறு வாரம் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். கிளெனிஸ் தெருவைச் சுற்றிய சுற்றில் எதிர்வீட்டு நாய் குரைப்பதையே விட்டுவிட்டதாம். ஏழாவது வாரம் மேப்பை எடுத்து மேசைமேல் விரித்தது கீத்தான்.

போன ஆகஸ்டில் மறுபடி வந்தார்கள். அவளுக்கு எழுபதுக்கு மேல். இரண்டு பேரும் இப்போது குட்டி மூட்டைகளோடு அரை நாள் சேர்ந்து நடக்கிறார்கள், பிறகு வந்த வழியே திரும்பி நடந்து வண்டியை எடுக்கிறார்கள். போன வழியிலேயே திரும்புவதுதான் அவளுக்கு இன்னமும் பிடிக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே திரும்புகிறாள்.

"இத்தன வருஷம் எப்படி இங்கயே இருக்க, ரோண்டா?" என்று கேட்டாள்.

"பெட்ரோல் போட ஆள் வேணுமே."

அவள் என் பின்னால் இருந்த ஜன்னல் வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு இரவுதான் தங்கினார்கள். மறுநாள் காலை கீத் இரண்டாவது முட்டைக்கு உப்புப் போடும்போது வெளியே வண்டி உறுமியது.

"கேளு, கூப்பிடறா," என்று முட்டையை ரொட்டிக்குள் வைத்து மடக்கிக் கையில் எடுத்துக்கொண்டு அவன் வேகமாகக் கிளம்பினான்.