லைன் போட வந்தவர்கள்

மனைவிக்கு ஏழாம் மாதம். ஒற்றை அறைக் காம்பரா ஒன்றில் நாங்களும் அண்ணன் குடும்பமும். மழை வந்தால் கூரை ஒழுகும். வராவிட்டால், வந்துவிடுமோ என்று எனக்குத் தூக்கம் வராது. கூரையைத் திருத்தித் தருவதாகத் தோட்டத்தை நடத்தும் தொரை சொல்லியிருந்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்குக் கவலைப்படுவதுதான் முழுநேர உத்தியோகம்.

அப்போதுதான் மாத்தளைப் பக்கம் நாலந்தாவுக்கு மேலே நாங்கள் வேலைசெய்த தோட்டத்துக்கு அரசாங்க ஜீப் வந்தது. நாங்கள் துணி துவைக்கும் ஓடையில் ஓரிடத்தில் தண்ணீர் வெதுவெதுப்பாக ஊறும். பூமிக்கடியில் கொதிநீர்த் தேக்கம் இருக்கிறதா என்று பார்க்க வந்தார்களாம். எஞ்சினியர் ஐயா ஓடைக்கு மேலிருந்த வெட்டவெளியைக் காட்டினார்.

"நாளைக்கு இங்க லைன் போடணும். நீளமா."

அவர் சொன்னது தரையைச் சோதிக்கும் மின்கம்பியை. எங்களுக்கு லைன் என்றால் ஒன்றுதான்: நாங்கள் குடியிருந்த வரிசைக் காம்பராக்கள்.

மறுநாள் முளையடித்துக் கம்பி இழுத்தார்கள். பார்த்தால் அஸ்திவாரக் கோடேதான்.

"மூலைக் காம்பராவப் புடிச்சிருங்க. சும்மா நின்னு யோசிக்காதீங்க" என்றாள் மனைவி.

"கங்காணி ஏசினா?"

"ஏசட்டும். ஏச்சு ஒழுகாது."

இதைவிட மோசமான மழைக்கென்று நான் கட்டிலுக்கடியில் பத்திரப்படுத்தியிருந்த தகரங்களைச் சுமந்துபோனேன். ஜீப்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மூலை முளையருகே புல்லுக்குள் தகரங்களை மறைத்துவைத்தேன். பக்கத்தில் அண்ணன் ஏற்கெனவே அலவாங்குக் கடப்பாரையைப் போட்டு இடம்பிடித்திருந்தார். அதற்கப்பால் உயரமான புல்லுக்குள் யாருடையதோ இரும்புக் கட்டில்.

எஞ்சினியர் திரும்பிவந்து, கம்பியில் மின்சாரம் விட்டு, அளக்கும் பெட்டியின் குமிழைத் திருகினார். தரைக்குள் மின்சாரம் சுலபமாக ஓடினால் சூடான உப்புநீர் இருக்கலாமாம். முள் எகிறியது.

"காலையில இப்படி இல்லையே! பெரிய தேக்கம்!" என்று உதவியாளரைக் கட்டிப்பிடித்தார். இந்த நீராவியில் மாத்தளை முழுக்க லைட் எரியும் என்றார். புது லைனுக்கு லைட்டுமா என்று நாங்களும் பூரித்துப்போனோம்.

எனக்குக் கவலை தாங்கவில்லை. "ஐயா, மூலைக் காம்பரா எங்களுக்குத்தானுங்களே?"

"என்ன காம்பரா?"

"லைன் போடுறீங்கல்ல... அடையாளத்துக்குத் தகரம் வச்சிருக்கேனுங்க."

அவர் புல்லை விலக்கிப் பார்த்தார். மின்சாரம் ஓடியது கொதிநீரில் அல்ல, எங்கள் இரும்பில். மாத்தளை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைவது அவர் முகத்தில் தெரிந்தது.

சத்தம் கேட்டுத் தொரை வந்தார். தகரங்களைக் காலால் தட்டி, தன் அரைகுறைத் தமிழில் கேட்டார். "இவ்வளவு தகரம் இருக்கி, கூரை ஒழுகுது சொல்லி என்கிட்ட வாறது?"

கூரை திருத்தித் தருவதாக அவர் சொன்ன வாக்கு அத்தோடு முடிந்தது. ஜீப்பும் கம்பியும் கலேவெல ஊர்ப் பக்கம் போய்விட்டன. அங்கே வயல்தான், லைன் என்றதும் கட்டிலைத் தூக்கிக்கொண்டு யாரும் ஓடிவரமாட்டார்கள்.

பிள்ளை பிறப்பதற்குள் அந்தத் தகரங்களை நானே பழைய கூரையில் ஏற்றினேன். ஆணி அடிக்கும்போது தொரை நின்று அண்ணாந்து பார்த்தார்.

"நல்லா இருக்கு" என்றார், தான் வாங்கிக் கொடுத்ததுபோல.