பணகுடிக்குப் போன மம்பட்டி

வைகாசிப் பாதியில் வருகிற இடவப்பாதி மழை பிடித்துவிட்டால் எங்கள் வீட்டுப் பூஜையறைக் கதவு அடையாது, அடைத்துவிட்டால் திறக்காது. சென்ற வாரம் விடியற்காலையில் குளித்து, விபூதி பூசி, பூக்கூடையோடு போய் நின்றேன். இழுக்க இழுக்கக் கதவு அசையவில்லை. சுவாமி உள்ளே, நான் வெளியே. பூவைக் கதவுக்கே போட்டு நாமத்தைச் சொல்லி முடித்தேன். சுவாமிக்குக் கேட்டிருக்கும். நடுவில் இருந்தது பலகைதானே.

ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகன் தோளால் ஒரு இடி கொடுத்துத் திறந்துவிட்டு, "அப்பா, இத எடுத்துட்டு பிளாஸ்டிக் டோர் வெச்சிரலாம். அது மழைக்கு வீங்காது, கேட்டோ" என்றான். குளியலறைக்கும் சுவாமிக்கும் ஒரே ஜாதிக் கதவு வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவன் போன பிறகு இழைப்புளியை எடுத்து ஓரத்தைச் சீவினேன். ஈரம் குடித்த மரத்தைச் சீவும்போது புளித்த மாவும் பழைய இரும்பும் கலந்தாற்போல ஒரு வாசனை வரும். அது மூக்கில் ஏறியதும் நான் பூஜையறையில் இல்லை. திருவனந்தபுரம் ஆரியசாலையில், முதலாளியின் இரும்புக் கடைப் பின்கட்டில், சுருள் சுருளாக விழுந்த மரச்சீவலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

பத்தாம் வகுப்பில் கணக்கு என்னைக் கைவிட்டது. அப்பாவும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். வலியசாலையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த முதலாளி, "சும்மா கோயிலச் சுத்திட்டு நடக்காண்டாம், கடைக்கு வாடே" என்று கூப்பிட்டார். கோயிலைச் சுற்றுவது சும்மா இருப்பதா என்று அம்மாவுக்கு வருத்தம். ஆனாலும் அனுப்பி வைத்தாள்.

அந்தக் காலத்தில் மம்பட்டி, கோடாலி, சுத்தியல் எல்லாம் தலை தனி, பிடி தனியாகத்தான் விற்பனை. தலைகள் சாக்கில் வரும். பிடிகள் வித்துரா மலைப் பக்கத்திலிருந்து கட்டுக் கட்டாக, பஸ் கூரையில் மழை நனைந்துகொண்டே வரும். என்ன மரம் என்று கேட்டால், கொண்டு வந்தவர், "நல்ல மரம்" என்பார். நாங்களும் வாங்குகிறவர்களிடம் அதையே சொல்வோம். ஆள் முதலில் தலையை எடுத்து ஒரு தட்டுத் தட்டி ஓசை கேட்பான். பிறகு பிடியைக் கையில் பிடித்துப் பார்ப்பான். இரண்டும் பிடித்துப்போனால் பின்கட்டில் என்னிடம் வரும். பெண் பார்த்து முடித்த பிறகு புரோகிதரிடம் வருவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிடியின் முனையைத் துளைக்குத் தக்கபடி சீவ வேண்டும். அதிகம் சீவினால் பிடி வீண். குறைத்துச் சீவினால் ஏறாது. பாதி ஏற்றிய பிறகு, தலை கீழே தொங்கும்படி பிடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மேலே இருக்கிற கடைசி முனையில் அடிக்க வேண்டும். இங்கே அடித்தால் அங்கே தலை தானாக மேலே ஏறி இறுகும். புதிதாகப் பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். எனக்கு அதில் ஆச்சரியம் இருந்ததில்லை. தினமும் இங்கே உட்கார்ந்து கும்பிடுகிறோம், வேறு எங்கேயோ எதுவோ சரியாகிறதே, அதுபோலத்தான்.

கடைசியில் ஆப்பு. பிடியின் முனையில் ஒரு கீறல் போட்டு, காய்ந்த கட்டையில் சீவிய ஆப்பை அதில் நிறுத்தி அடித்து இறக்க வேண்டும். இந்தச் சொல்லுக்கு இப்போது பிள்ளைகள் என்னவெல்லாமோ பொருள் சொல்கிறார்கள். எனக்கு அது பக்தியோடு செய்கிற காரியம். முதல் தட்டு பிள்ளையாருக்கு. அது மெதுவாக விழ வேண்டும். முதலிலேயே ஓங்கி அடித்தால் ஆப்பு பிளந்துவிடும். பிள்ளையார் பெயரைச் சொல்லிக்கொண்டு யாராவது ஓங்கி அடிப்பார்களா? நான் போட்ட பிடி கழன்றது என்று ஒரு புகாரும் கடைக்கு வந்ததில்லை. திரும்பி வராதவர்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை. கணக்குதான் என்னைக் கைவிட்டதாயிற்றே.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள் மட்டும் வேறொரு குறை சொல்வார்கள். "எண்ணே, ஊர்ல நல்லாத்தான் இருந்துச்சு. உங்க ஊரு மழையில சுத்தியல் பிடி உப்பி வாயில வெடிச்சுட்டு." நான் அனுதாபப்பட்டுப் புதுப் பிடி போட்டுக் கொடுப்பேன். அதற்கு மேல் யோசித்ததில்லை.

எனக்குப் பெண் பார்த்தது பணகுடியில். நாகர்கோவில் தாண்டி, ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டி, திருநெல்வேலிச் சாலையில் இருக்கிற ஊர். பெண் பெயர் பகவதி. சித்திரையில் போய்ப் பார்த்தோம். அவள் முகத்தைப் பார்த்தேன் என்று சொன்னால் சுவாமி கோபித்துக்கொள்வார். காபி டம்ளரைத்தான் பார்த்தேன். டம்ளர் நன்றாக இருந்தது. சம்மதம் என்றேன். ஆவணியில் கல்யாணம் என்று பேச்சு முடிந்தது.

அந்த வீட்டில் ஒருவருக்கு மட்டும் இதில் மனமில்லை. பகவதியின் அப்பாவுக்கு அக்கா, சொர்ணம் அத்தை. சின்ன வயதிலேயே கணவனை இழந்து தம்பி வீட்டோடு வந்து, தோட்டத்தையும் வீட்டையும் கட்டி ஆண்டவர். அவர் சரி என்றால்தான் கிணற்றில் வாளி இறங்கும். "மலையாளத்துக்குப் பொண்ணக் குடுத்தா நல்லது கெட்டதுக்கு எப்படிப் போய் வர? அங்க சாப்பாடெல்லாம் தேங்காயால்லா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

ஆனி மாதம் மாமா, அதாவது பகவதியின் அப்பா, என் வேலையைப் பார்த்துப் போக வந்தார். நல்ல மழை. குடையை மடக்கிக் கடைக்குள் ஏறியவர், "தோட்டத்துக்கு ஒரு மம்பட்டி வேணும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சாக்கைக் கவிழ்த்து நல்ல தலையாகப் பொறுக்கினேன். அன்று காலையில்தான் வித்துராவிலிருந்து வந்து இறங்கியிருந்த கட்டில் பார்க்க அழகான பிடியை உருவினேன். பிள்ளையாருக்கு ஒரு தட்டு, முருகனுக்கு ஒரு தட்டு, பத்மநாபசாமிக்கும் ஒன்று. ஆப்பு இறங்கியதும் குங்குமம் வைத்து இரண்டு கையாலும் கொடுத்தேன். முதலாளி, "மாமனாருக்குக் காசு வாங்காதடே" என்றார். மாமா மம்பட்டியைக் குழந்தையைப்போலத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார்.

ஆடி பிறந்து சில நாளில் பணகுடிக்காரர் ஒருவர் கடைக்கு வந்து, விஷயத்தை இரும்புக் கம்பி விலை கேட்பதுபோலச் சொன்னார். மாமா வாழைக்கு வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தாராம். ஓங்கிய மம்பட்டியில் பிடி மட்டும் கையில் நின்றது. தலை பறந்துபோய், வரப்பில் நின்றிருந்த சொர்ணம் அத்தையின் கால் பக்கத்தில் குத்திட்டு நின்றதாம். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அத்தை சொல்லிவிட்டார்: "ஆடி மாசம், தல கழண்டு விழுந்திருக்கு. இந்தப் பேச்ச இதோட நிப்பாட்டுங்க."

அன்று ராத்திரியே விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். அம்மா கோயிலுக்கு ஓடினாள். திரும்பி வந்து, பிரசாதத்தை என் நெற்றியில் தேய்த்துக்கொண்டே, "என்ன செய்யப் போற?" என்றாள்.

"பணகுடிக்குப் போவோம்."

"ஆடியில சம்பந்தம் பேசப் போகப்படாதுடா."

"பேசப் போகலம்மா. ஆப்பு வைக்கப் போறோம்."

அதற்கு சாஸ்திரத்தில் தடை ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் கிளம்பிவிட்டோம். பையில் உளி, சுத்தியல், நேர்த்தியாகச் சீவிய புது ஆப்புகள்.

நாகர்கோவில் வரை மழை கொட்டியது. ஒழுகுகிற ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து முழுக்க நனைந்துவிட்டேன். ஆரல்வாய்மொழி வந்ததும் யாரோ கதவைச் சாத்தியதுபோல மழை நின்று, காற்று பிடித்தது. அப்படியொரு காற்று நான் அறிந்ததில்லை. பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தே ஓடியது. பணகுடியில் இறங்கியபோது என் சட்டை அப்பளம்போலக் காய்ந்திருந்தது, உதடு வெடித்திருந்தது. அம்மாவின் குடை பூவாக விரிந்து வேலைக்கு உதவாமல் போனது. சட்டையைத் தொட்டுப் பார்த்தபோதுதான் என் மண்டையில் உறைத்தது. பிடி வஞ்சகம் ஒன்றும் செய்யவில்லை. மழையைக் குடித்துத் தடித்திருந்தது. இங்கே வந்து காய்ந்து மெலிந்துவிட்டது. அவ்வளவுதான். அதற்கு மேல் என் புத்தி எட்டவில்லை.

மாமா வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே போய், ஒரு கையில் தலையும் மறு கையில் பிடியுமாக வந்து என் முன்னால் வைத்தார். நார்க்கட்டிலில் சொர்ணம் அத்தை.

"வாங்க. மாப்பிள்ளன்னு கூப்பிடவா, தம்பின்னு கூப்பிடவா? இப்போதைக்குத் தம்பின்னே இருக்கட்டும்."

களைத்துப்போயிருந்த அம்மா, "கொஞ்சம் வெள்ளம் தருவீங்களா?" என்று கேட்டாள். திருவனந்தபுரத்தில் எங்களுக்குத் தண்ணீர் என்றால் வெள்ளம்தான்.

"எங்க ஊர்ல தண்ணிதான் உண்டு. வெள்ளம் வேணும்னா உங்க ஊர்லேந்துதான் வரணும்" என்றார் அத்தை. ஆனாலும் செம்பு வந்தது. அம்மா குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீரு போட்ட மம்பட்டிக் கணையே ஒரு மாசம் நிக்கல. எங்க புள்ளையக் கூட்டிட்டுப் போயி எத்தன மாசம் நிப்பாட்டுவீரு?"

"அது மரம். இது மனுஷங்க" என்றாள் அம்மா.

"மரத்தையே பாத்துக்கத் தெரியலையே, மனுஷங்கள எப்படிப் பாத்துக்குவீங்க?"

நான் தரையில் உட்கார்ந்து பிடியின் முனையைச் சுத்தம் செய்தேன். ஆடியபடி இருந்த பழைய ஆப்பைப் பிடுங்கிப் போட்டேன். பிடியைத் தலையில் ஏற்றி, பையிலிருந்து புது ஆப்பை எடுத்து நிறுத்தி, பிள்ளையாரை நினைத்துச் சுத்தியலைத் தூக்கினேன்.

அடுக்களைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"எம்மா, அந்த ஆப்பும் மழத்தண்ணி குடிச்சு வந்ததுதான? அத வச்சா ஆவணிக்குள்ள மறுபடி கழண்டுரும்லா. நம்ம அடுப்புக்கு மேல பரண்ல புளியங்கட்ட காஞ்சு கெடக்கு, அதுல சீவச் சொல்லுங்க."

தூக்கிய சுத்தியல் தூக்கியபடியே நின்றது. பகவதியின் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் தன் அம்மாவிடம் பேசினாள். சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்தது.

சொர்ணம் அத்தை மெதுவாகத் தலையைத் திருப்பினார். "ஆவணியா? ஆவணியப் பத்தி இங்க யாரு கேட்டா?"

உள்ளே ஏதோ ஒரு பாத்திரம் கீழே விழுந்து உருண்டு, சுவரில் முட்டி நின்றது. அதன் சத்தம் அடங்கும்வரை அத்தை அடுக்களை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முழங்காலில் கையூன்றி எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் புகைபிடித்துக் கறுத்த ஒரு புளியங்கட்டை. என் முன்னால் போட்டு, "சீவும்" என்றார்.

சீவினேன். கல்லைச் சீவுவதுபோல இருந்தது. முதல் ஆப்பு கோணலாகிவிட்டது. இரண்டாவது சரியாக வந்தது. பிள்ளையாருக்கு ஒரு தட்டு. மற்ற சாமிகளுக்கெல்லாம் ஊருக்குத் திரும்பியதும் தனித்தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று, ஓங்கி அடித்து இறக்கினேன். அத்தை மம்பட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கி, சேலையை இடுப்பில் செருகி, புறவாசலுக்கு நடந்தார். பேயாகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. இறுகிக் கிடந்த தரையில் வெட்டினார், வெட்டினார், மாமா நாலடி விலகி நிற்கும்வரை வெட்டினார். தலை அசையவில்லை. பிறகு அதைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

"இப்போதைக்கு நிக்குது" என்றார். பிறகு அடுக்களைப் பக்கம் பார்த்து, "மாப்பிள்ளைக்கு ஒரு காபி போடுங்க."

ஆவணியில் கல்யாணம் நடந்தது. பகவதி ஆரல்வாய்மொழியைத் தாண்டி மழைக்குள் வந்தாள். இங்கே துணி காயவில்லை, தீக்குச்சி பற்றவில்லை என்று முதல் மாதம் முழுக்கக் குறை. தை பிறப்பதற்குள் கையில் வளையல் இறுகிவிட்டது. "நம்ம ஊர் ஈரம் அப்படித்தான், எதுவும் கொஞ்சம் உப்பும்" என்று சமாதானம் சொன்னேன். அவள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அம்மாதான் அவள் முகத்தை உற்றுப் பார்த்து, அது ஊர் ஈரம் இல்லை என்று கண்டுபிடித்தாள். அப்படி வந்தவன்தான் பிளாஸ்டிக் கதவு கேட்கிற இந்த மகன்.

அதன் பிறகு எத்தனையோ தடவை பணகுடிக்குப் போனோம். சொர்ணம் அத்தை எங்களைப் பார்த்ததும் வா என்று சொல்ல மாட்டார். முதலில் புறவாசலுக்குப் போவார். சுவரில் சாத்தியிருக்கும் மம்பட்டியை எடுத்து, தலையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டுவார். பிறகு உள்ளே வந்து பகவதியிடம், "இப்போதைக்கு நிக்குது" என்பார். அதன் பிறகுதான் சாப்பிட்டாயா, பிள்ளை எப்படி இருக்கிறான் என்கிற விசாரணையெல்லாம். நானும் பகவதியும் சண்டை போட்டுக்கொண்டு, பஸ்ஸில் ஆளுக்கொரு சீட்டில் உட்கார்ந்து போன நாளும் உண்டு. அன்றும் ஆட்டிப் பார்த்தார். அன்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் ஆட்டினார். "நிக்குது" என்று சொல்லும்போது இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். திரும்பி வரும்போது ஒரே சீட்டில் வந்தோம்.

முதலாளியின் கடையில் இப்போது மொபைலுக்கு உறை விற்கிறார்கள். வித்துராவிலிருந்து பிடிக்கட்டு வருவதில்லை. பிடியைத் தலையோடு சேர்த்து வார்த்த சாமான் வந்துவிட்டது. பணகுடித் தோட்டம் கைமாறி, அதில் கரண்டு எடுக்கிற காற்றாடி நிற்கிறது. மாமாவும் அவர் மனைவியும் போய்விட்டார்கள். சொர்ணம் அத்தை அவர்களுக்குப் பிறகு, ஒரு ஆடியில், தூக்கத்திலேயே போனார். எல்லாம் பகவான் கணக்கு. அத்தை போன பிறகு புறவாசலை இடித்துக் கார் நிறுத்த இடம் கட்டியபோது மம்பட்டி பழைய இரும்போடு போயிருக்க வேண்டும். இப்போது அந்த வீட்டில் இருக்கிற சொந்தக்காரர்களைக் கேட்டால், எந்த மம்பட்டி என்று கேட்கிறார்கள்.

போன மாதம் அந்த வீட்டைப் புதுப்பித்து நடத்திய கிரகப்பிரவேசத்துக்கு நானும் பகவதியும் போயிருந்தோம். இறங்கியதும் சின்னப் பிள்ளைகள்வரை ஓடி வந்து, "வாங்க வாங்க, ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார்கள். பகவதி ஒரு நிமிஷம் புறவாசல் இருந்த திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா இருக்கோம்" என்றோம்.

உடனே நம்பிவிட்டார்கள்.